தஞ்சைப் பெரிய கோயில்: நெல் வந்த காலமும் நெல் நின்ற காலமும்

கேள்வி இதுதான்: தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய நாள் முதல் இன்று வரை வழிபாட்டுத் தலமாகவே இருந்து வந்ததா? நடுவில் கோட்டையாகவும் ஆயுதக் கிடங்காகவும் இருந்தது என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை?

சுருக்கமாகச் சொன்னால், இரண்டுமே உண்மைதான். ஆனால் பட்டாளம் உள்ளே வந்ததை மட்டும் பெரிய மாற்றமாக நினைத்தால் கதையின் முக்கால்வாசி விட்டுப்போகும். அதைவிடப் பெரிய மாற்றம் அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிட்டது. கோயிலுக்கு வந்துகொண்டிருந்த நெல் நின்றது. அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் அதன் தொடர்ச்சி என்பது என் கருத்து. எனவே நெல்லில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலாம் ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள், அதாவது 1010இல், கருவறை மேல் எழும் கோபுரமான விமானத்தின் உச்சியில் வைக்கப் பொன் போர்த்த செப்புக் குடம் கொடுத்தான். கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு என்று கணக்குச் சொல்வது அந்தத் தேதியை வைத்துத்தான். அடுத்த ஆட்சியாண்டில், 'நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்னான். இந்த வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்குக் கீழே விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி என்ன வெட்டியிருக்கிறது என்பதை வாசித்தவர்கள் குறைவு. கடவுள் துதி அங்கே கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கணக்கு.

நகை என்றால் அதன் எடை, எத்தனை முத்து, எத்தனை மாணிக்கம், முத்தில் என்ன பழுது, அரக்கும் சரடும் சேர்த்து நிறுத்ததா நீக்கி நிறுத்ததா என்பது வரை எழுதியிருக்கிறார்கள். பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்று ஒரு எடைக்கல், நகையை நிறுக்க 'தட்சிணமேரு விடங்கன்' என்று இன்னொரு கல், நெல் அளக்க ராஜகேசரி மரக்காலுக்குச் சமமான 'ஆடவல்லான்' மரக்கால். சாமியின் பெயரிலேயே அளவைகள். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பிற்காலத்தில் சண்டை வரக்கூடாது என்ற கவனம் ஒவ்வொரு வரியிலும் தெரியும். ஆடிட்டர்கள் படிக்கவேண்டிய சுவர் அது.

கோயில் வங்கியாக இருந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எப்படி என்று ஒரு கணக்கைப் பார்த்தால்தான் புரியும். பரிவாராலயத்து, அதாவது துணைச் சன்னிதியிலுள்ள, பிள்ளையாருக்கு நாளொன்றுக்கு 150 வாழைப்பழம் படைக்கவேண்டும். அதற்காக 360 காசை தஞ்சாவூர் அங்காடி வணிகர்களிடம் முதலாகப் போட்டார்கள். வட்டி, அதாவது பொலிசை, காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு. இன்றைய கணக்கில் பன்னிரண்டரை சதவீதம். 360 காசுக்கு ஆண்டுக்கு 45 காசு வரும். அன்றைய விலையில் ஒரு காசுக்கு 1200 வாழைப்பழம். 45 காசுக்கு 54,000 பழம். அதை 360 நாளுக்கு வகுத்துப் பாருங்கள்: சரியாக 150. ஒரு பழம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் அப்படியே இருக்கும், வணிகன் பழம் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும், சந்திரன் சூரியன் உள்ளவரை. கடன் கொடுத்த மாதிரியும் ஆச்சு, பிள்ளையாருக்குப் பழம் நிரந்தரமாகவும் ஆச்சு.

இதே முறையில் ஊர்ச் சபைகளுக்கும் கோயில் பணம் போனது. சபை அதை வாங்கிச் செலவிட்டுக்கொள்ளும். பொலிசையைக் காசாகவோ நெல்லாகவோ ஆண்டுதோறும் கோயிலில் கொண்டுவந்து அளக்கும். விளக்கும் அப்படித்தான். ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, என்றால் நாளுக்கு ஒரு உழக்கு நெய். அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. ஆடு மேய்ப்பவர் நெய்யைக் கொண்டுவருவார். மந்தை பெருகிக்கொண்டே இருக்கும் என்பதால் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். இந்தக் கால்நடைகளைப் பொறுப்பேற்றுக்கொண்டவர்களுக்கு யார் பிணை நிற்பது என்பதும் கல்வெட்டில் இருக்கிறது.

அப்புறம் ஆட்கள். நாட்டிலுள்ள பல கோயில்களில் இருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, கொண்டுவந்து குடிவைத்தார்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அவர் எந்த ஊர்க் கோயிலில் இருந்து வந்தவர் என்று நானூறு பேருக்கும் முகவரி இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் (கலம் அன்றைய முகத்தல் அளவை) நெல். ஆக இவர்களுக்கு மட்டுமே 40,000 கலம். இவர்களைத் தவிர நட்டுவனார், பாடுவோர், குழலூதுவோர், உவச்சர், கணக்கர், விளக்கேற்றுபவர், தண்ணீர் தெளிப்பவர், குயவர், வண்ணத்தார், தையற்காரர், நாவிதர், தச்சர், கன்னார், சோதிடம் பார்க்கும் பெருங்கணி வரை உண்டு. திருப்பதியம் பாட 48 பேர், கூடவே உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேருக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு மூன்று குறுணி, அதாவது கால் கலம், நெல். யாராவது இறந்துபோனால் அல்லது வெளியூர் போனால், அவருக்கு அடுத்த உறவினர் அந்த வேலையைச் செய்து அந்தப் பங்கைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான இன்னொருவரை வைத்துச் செய்விக்கவேண்டும். இப்போதைய வாரிசு வேலை விதிகளை எழுதியவர்கள் இதைப் படித்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

இவ்வளவு நெல்லும் எங்கிருந்து வந்தது? சோழமண்டலத்து ஊர்களில் இருந்து மட்டும் வரவில்லை. பாண்டி நாடு, தொண்டை மண்டலம், கன்னட நாடு, ஈழம் என்று ராஜராஜன் பிடித்த இடங்களில் எல்லாம் ஊர்களை இந்தக் கோயிலுக்கு எழுதிவைத்திருக்கிறான். கோயிலைக் காக்கும் திருமெய்காப்பாளர்களையும் பண்டாரம், அதாவது கருவூலம், பார்க்கும் பிராமணர்களையும் கணக்கு எழுதுபவர்களையும் இன்னின்ன ஊர்ச் சபை அனுப்பவேண்டும், மெய்காப்பாளருக்கு அந்தந்த ஊரே ஆண்டுக்கு 100 கலம் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு. ஈழத்து ஊர் ஒன்றின் வருவாயும் கன்னட நாட்டு ஊர் ஒன்றின் வருவாயும் தஞ்சையில் ஒரே களஞ்சியத்தின் கணக்கில் சேர்ந்தன. அதனால்தான் ராஜராஜீச்சரத்தை (கோயிலின் அன்றைய பெயர்) வெறும் 'வழிபாட்டுத் தலம்' என்று சொல்ல எனக்குத் தயக்கம். பூசை நடந்தது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் முதல் நாளில் இருந்தே அது ஓர் அரசின் கருவூலம், ஆவணக் காப்பகம், கடன் கொடுக்கும் இடம், தஞ்சை நகரிலேயே பெரிய வேலைவாய்ப்பு. நாடக மேடையும்கூட. இரண்டாம் ராஜேந்திரன் காலத்தில், அதாவது 11ஆம் நூற்றாண்டின் நடுவில், வைகாசித் திருவிழாவில் ராஜராஜேசுவர நாடகம் ஆடச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் ஒதுக்கிய கல்வெட்டு இருக்கிறது.

இப்படிப்பட்ட அமைப்பின் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. பேரரசு இருக்கும் வரைதான் தூரத்து ஊர் நெல் அனுப்பும். ராஜராஜனின் மகன் முதலாம் ராஜேந்திரனே தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றிவிட்டான். ஈழத்தைச் சோழர்கள் 11ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இழந்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையின் பாண்டிய மன்னன் மாறவர்மன் சுந்தரபாண்டியன் படையெடுத்து வந்தான். 'தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி' என்று அவன் புகழைக் கல்வெட்டில் பாடும் மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது (உறந்தை என்பது உறையூர்). நகரம் எரிந்தது, கோயில் நின்றது. ஆனால் நின்றது கட்டடம். நானூறு வீடுகள் இருந்த தளிச்சேரிகள் இன்று இல்லை. அங்காடித் தெருக்களும் இல்லை. 360 காசுக்குப் பழம் கொடுத்த வணிகர் வழியும் இல்லை. சந்திரன் சூரியன் உள்ளவரை என்று எழுதிய ஒப்பந்தங்கள் இருநூறு சொச்சம் ஆண்டுகளுக்குள் கல்லில் மட்டும் மிஞ்சின.

நான் மேலே சொன்ன சத்தமில்லாத மாற்றம் இதுதான். ஒரு கோயிலுக்கு அதைச் சுற்றி வாழ்ந்து, அதில் பங்கு வாங்கி, அதற்காகச் சண்டை போடும் ஆயிரம் பேர் இருந்தால் அதை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்வது கஷ்டம். ஆட்கள் போய்விட்டால், மிஞ்சுவது கனமான மதில், அகலமான முற்றம், சுற்றிலும் தூண்கள் வரிசையிட்ட மாளிகைப்பத்தி. ஒரு படைத் தலைவன் அதைப் பார்த்தால் என்ன நினைப்பான்?

பாண்டியர்கள் கோயிலை விட்டுவிடவில்லை. இன்று நாம் பெரியநாயகி அம்மனைக் கும்பிடும் தனிச் சன்னிதி 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் எழுந்தது. தஞ்சையைக் கொளுத்திய வம்சமே தஞ்சைக் கோயிலுக்கு அம்மன் சன்னிதி எடுத்தது என்பதில் முரண் எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு நாட்டைப் பிடித்தவன் அந்த நாட்டுக் கோயிலில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்வதுதான் அரசியல். இந்தக் கோயிலுக்கு வந்த எல்லோரும் அதையே செய்தார்கள்.

நாயக்கர்கள் 16ஆம் நூற்றாண்டில் வந்தார்கள். சேவப்ப நாயக்கர் காலத்தில் கோயிலையும் சிவகங்கைக் குளத்தையும் உள்ளடக்கி அகழியோடு கூடிய சின்னக் கோட்டை எழுந்தது. உங்கள் கேள்வியில் வரும் 'கோட்டை' இங்கேதான் ஆரம்பிக்கிறது. வெள்ளைக்காரன் வந்து கோயிலைக் கோட்டை ஆக்கவில்லை. அவன் வந்தபோது கோயில் ஏற்கெனவே கோட்டைக்குள் இருந்தது. இன்று நாம் மராட்டா வாயிலுக்கு முன்னால் தாண்டுகிற அகழி அந்தக் கோட்டையின் மிச்சம். அதற்கு அடுத்து வரும் கேரளாந்தகன் திருவாயிலும் ராஜராஜன் திருவாயிலும் சோழர் கட்டியவை. மூன்று வாயிலையும் ஒரே நேரத்தில் பார்த்தால், முதலாவது மற்ற இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் நிற்பது கண்ணுக்குத் தெரியும். அது காவல் வாயில்.

எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பெரிய நந்தியும் நாயக்கர் காலத்தது. ராஜராஜன் வைத்ததாகக் கருதப்படும் பழைய நந்தி தெற்குத் திருச்சுற்றில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கவனிக்காமல் வாராகியைத் தேடிப் போய்விடுவார்கள். சுப்பிரமணியர் சன்னிதியும் நாயக்கர் காலம்தான், கல்லில் மர வேலை போல இழைத்திருப்பார்கள். கருவறையைச் சுற்றியுள்ள உள் சுற்றறையில் சோழர் தீட்டிய ஓவியங்களின் மேல் நாயக்கர்கள் சுண்ணாம்பு பூசிப் புதிதாக வரைந்தார்கள். அடியில் இன்னொரு ஓவியம் இருக்கிறது என்பதே மறந்துபோனது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி விளக்கோடு உள்ளே போய், மேல் பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் வேறு வண்ணம் தெரிவதைக் கண்டார். பிற்பாடு தொல்லியல் துறை மேலடுக்கை உரித்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டி அதையும் காப்பாற்றியது. ஒன்றுக்காக இன்னொன்றை அழிக்காமல் இரண்டையும் காப்பாற்றியது பெரிய காரியம்தான்.

இனி பட்டாளக் கதை. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை பணக்கார நாடு, பலவீனமான அரசு. அக்கம்பக்கத்தில் யாருக்குச் சம்பளப் பாக்கி வந்தாலும் தஞ்சை மேல்தான் கண். 1749இல் ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் முற்றுகை போட்டுப் பணம் கேட்டார்கள். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார். வெடிமருந்து தீர்ந்து திரும்பிப்போனார். 1771இல் ஆற்காட்டு நவாபுக்காக ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள், 1773 செப்டம்பரில் பிடித்தேவிட்டார்கள். அப்போது தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் துளஜா சிறையில். 1776இல் சென்னை ஆளுநர் பிகாட் வந்து மன்னரைத் திரும்ப அரியணையில் உட்காரவைத்தார், கோட்டைக்குள் ஆங்கிலப் பட்டாளம் இருக்கும் என்ற நிபந்தனையோடு. இதில் நவாபுக்குக் கடன் கொடுத்த சென்னை வெள்ளைக்காரர்கள் பலருக்கு நட்டம். தஞ்சை விளைச்சலைத்தான் அவர்கள் ஈடாக நம்பியிருந்தார்கள். அந்த ஆண்டே ஆகஸ்டில் பிகாட்டையே அவருடைய கவுன்சில்காரர்கள் கைது செய்தார்கள். தஞ்சை நெல்லுக்காகச் சென்னை ஆளுநர் சிறைக்குப் போன கதை இது. தனியாக எழுதவேண்டியது, இங்கே விட்டுவிடுகிறேன்.

கோயில் ஆயுதக் கிடங்காக இருந்தது என்ற செய்தியைப் பரப்பியவர் கட்டடக்கலை வரலாற்று ஆசிரியர் ஜேம்ஸ் பெர்குசன். 1777இல் பிரெஞ்சுக்காரர்கள் கோயிலை அரண் செய்தபோது முன் முற்றம் ஆயுதச்சாலை ஆயிற்று, அதன் பிறகு அது வழிபாட்டுப் பயன்பாட்டுக்குத் திரும்பவே இல்லை என்று 1876இல் எழுதினார். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான 'தகவல்கள்' இதன் நகல்தான். முன் முற்றத்தைப் படைகள் பயன்படுத்தின என்பதை ஏற்கலாம். ஆனால் 1777இல் பிரெஞ்சுக்காரர் என்பது பொருந்தவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே கோட்டையில் ஆங்கிலப் பட்டாளம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆண்டு தவறாக இருக்கவேண்டும், அல்லது ஆள் தவறாக இருக்கவேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அவர் பேசுவது முன் முற்றத்தைப் பற்றி. கருவறையில் வெடிமருந்து வைத்தார்கள் என்று சிலர் கதை கட்டுவதற்கு இதில் இடமில்லை.

பட்டாளம் இருந்தால் அதற்கு ஒரு தேவாலயமும் வேண்டும். சின்னக் கோட்டைக்குள், சிவகங்கைக் குளத்தருகே 1779இல் ஒரு தேவாலயம் எழுந்தது. ஜெர்மானியப் பாதிரியார் ஸ்வார்ட்ஸ் கட்டியது, இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். கோயில் மதிலுக்கு வெளியே, ஆனால் அதே கோட்டைக்குள். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜிக்கு இளமையில் காப்பாளராக இருந்தவர் இதே ஸ்வார்ட்ஸ். அவர் 1798இல் இறந்த பிறகு, சரபோஜி லண்டனில் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சலவைக்கல் சிற்பம் செய்யச் சொல்லி வரவழைத்து இந்தத் தேவாலயத்தில் வைத்தார்.

அதே சரபோஜி கோயிலுக்குள் என்ன செய்தார் என்பதைப் பார்த்தால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. 1799 ஒப்பந்தத்தில் ஆட்சி முழுக்க ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட்டது. கோட்டையும் அரண்மனையும் ஓய்வூதியமும் மட்டும் மிச்சம். நாடு இல்லாத ராஜா. அவர் 1803இல் கோயிலின் தென்மேற்குப் பக்கத் திருச்சுற்றுச் சுவரில் தன் போன்ஸ்லே வம்ச வரலாற்றை மராத்தியில் வெட்டவைத்தார். மிக நீளமான கல்வெட்டு. ராஜராஜன் வரியும் வருவாயும் வெட்டிய கோயிலில், கொடுக்க நாடு இல்லாதவர் தன் முன்னோர் கதையை வெட்டினார். எட்டு நூற்றாண்டில் இந்தச் சுவர் எதற்குப் பயன்பட்டது என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். முன்னது உத்தரவு, பின்னது நினைவு.

நெல் இல்லாத காலத்தில் கோயிலுக்கு உயிர் கொடுத்தது அரண்மனையின் பணமும் கலையும்தான். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் இந்தக் கோயிலோடு தொடர்புடைய நட்டுவனார் குடும்பத்தவர். இன்று மேடையில் பார்க்கும் பரதநாட்டியக் கச்சேரியின் வரிசைமுறை அவர்கள் கைவண்ணம். நந்திக்கு அருகே குறவஞ்சி மேடை என்று ஒன்று உண்டு. சரபோஜியைப் பாட்டுடைத் தலைவராக வைத்த குறவஞ்சி நாடகத்தைச் சித்திரைத் திருவிழாவில் அங்கே ஆடினார்கள். நானூறு பேராகத் தொடங்கிய அந்த மரபு, 1947இல் தேவதாசி முறையைத் தடை செய்த சட்டத்தோடு முடிந்தது. அந்தச் சட்டம் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கோயிலின் பயன்பாடு மாறியதைப் பற்றிப் பேசும்போது, பட்டாளத்தைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

இன்னொரு மாற்றம், கோயில் ஒரு ஆவணமாக மறுபடியும் வாசிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை மக்களிடம் கேட்டிருந்தால் பெரிய கோயிலைக் கட்டியவன் ராஜராஜன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தலபுராணம், கரிகாலனுக்குத் தொழுநோய் தீர்ந்த கதையைச் சொன்னது. கட்டியவன் பெயர் சுவர் முழுக்க எழுதியிருக்க, அதன் முன்னால் நின்று கும்பிட்டவர்களுக்கு அது தெரியாது. 1886இல் அரசுக் கல்வெட்டு ஆய்வாளராக வந்த ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் கல்லெழுத்தைத் தாளில் மையால் படியெடுத்து வாசித்து அச்சிட்ட பிறகுதான் ராஜராஜன் மீண்டும் ஊருக்குள் வந்தான். இன்று ஐப்பசிச் சதய விழாவில் அவன் சிலைக்கு மாலை போடுகிறோம் என்றால், அது ஆயிரம் ஆண்டு தொடர்ந்து வந்த பழக்கம் இல்லை. அந்த வாசிப்பின் விளைவு.

சிலை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1972இல் வைத்த ராஜராஜன் சிலை கோயிலுக்கு வெளியேதான் நிற்கிறது. உள்ளே வைக்க மத்தியத் தொல்லியல் துறை சம்மதிக்கவில்லை. கட்டியவனுக்கே உள்ளே இடமில்லை என்று அரசியல் மேடைகளில் அது நல்ல வசனம் ஆயிற்று. துறையின் பக்கம் இருந்து பார்த்தால், பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் புதுச் சிலை வைக்க ஒருமுறை ஒத்துக்கொண்டால் அடுத்த ஆட்சிக்கு ஒரு சிலை வரும். எனக்கு இதில் துறை செய்தது சரி என்றே படுகிறது.

இப்போது கோயில் யாருடையது? கட்டடத்தைத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. பூசையும் திருவிழாவும் அரண்மனை தேவஸ்தானத்தின் பொறுப்பு. மராட்டிய அரச குடும்பத்தவர் பரம்பரை அறங்காவலர், 88 கோயில்கள் அவர்கள் வசம். அதன் மேல் மாநில அறநிலையத் துறை. 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்; 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதோடு சேர்ந்தன. பட்டியலில் அதற்கு வைத்திருக்கும் பெயரிலேயே 'வாழும் கோயில்கள்' என்று இருக்கிறது. ஆணி அடிக்க ஒரு துறை, அபிஷேகத்துக்கு ஒரு நிர்வாகம் என்று பிரித்திருப்பதால் உரசலுக்குக் குறைவில்லை. 1997 ஜூனில் குடமுழுக்கு யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கல் கோயிலுக்குள் ஓலைப் பந்தல் போடும் பழக்கத்தை எல்லோரும் யோசிக்கவேண்டி வந்தது அதற்குப் பிறகுதான். 2018 டிசம்பரில் தனியார் அமைப்பு ஒன்று தியான நிகழ்ச்சிக்காக உள்ளே பந்தல் போட்டபோது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. 2020 பிப்ரவரி 5 குடமுழுக்குக்கு முன்னால் தமிழிலா வடமொழியிலா என்ற வழக்கு, இரண்டிலும் நடந்தது.

பயன்பாடு என்றால் இவற்றையும் சேர்க்கவேண்டும்: 1954இல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் இந்தக் கோயில் இருந்தது. 2010இல் ஆயிரமாவது ஆண்டுக்கு ஆயிரம் பேர் சேர்ந்து பரதம் ஆடினார்கள். பிரதோஷத்தன்று நந்தி அபிஷேகத்துக்கு முற்றம் நிரம்பிவிடும். சாயங்காலம் புல்தரையில் தஞ்சாவூர்க் குடும்பங்கள் குழந்தைகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும். பதவியில் இருப்பவர்கள் முன் வாயில் வழியாக வந்தால் பதவி போய்விடும் என்று ஒரு நம்பிக்கை வேறு கிளம்பி, அரசியல்வாதிகள் பக்க வாயிலைத் தேடுகிறார்கள். கேரளாந்தகன் வாயிலுக்கு இப்படியும் ஒரு பயன்பாடு வரும் என்று ராஜராஜன் எதிர்பார்த்திருக்க மாட்டான்.

நேரில் போய் இவற்றையெல்லாம் பார்க்க ஆசைப்பட்டால் காலையில் சீக்கிரம் போங்கள், பத்து மணிக்கு மேல் கல் தரையில் கால் வைக்க முடியாது. கேமராவை விமான உச்சிக்குத் திருப்புவதற்கு முன், விமானத்தின் அடிப்பகுதியில் இடுப்பளவு உயரத்தில் ஓடும் எழுத்துகளைப் பாருங்கள். சாய்ந்த வெயிலில்தான் அவை தெளிவாகத் தெரியும். அங்கிருந்து தெற்குச் சுற்றில் பழைய நந்தி, தென்மேற்கில் மராத்திக் கல்வெட்டு. சோழர் ஓவியங்கள் உள்ள சுற்றறைக்குப் பொதுமக்களை விடுவதில்லை. அவற்றின் படங்களை வளாகத்திலுள்ள விளக்கக் கூடத்தில் பார்க்கலாம். வெளியே வந்த பிறகு சிவகங்கைப் பூங்கா பக்கம் ஒரு நடை போனால் ஸ்வார்ட்ஸ் தேவாலயமும் வந்துவிடும்.